நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் பணம் யார் யாருக்குப் போகிறது என்று பொதுமக்கள் பார்க்க முடியுமா?

முடியும். பிஎம் கிசான் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியலைத் திறந்து மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் போதும், உங்கள் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. பட்டியலை வெளியிடுவது அரசு செய்யும் தயவு அல்ல. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு சொல்கிறது.

சரி, பட்டியலைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? 2020-இல் தமிழ்நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வேளாண் துறையின் கடவுச்சொற்கள் இடைத்தரகர்கள் கைக்குப் போயின. நிலமே இல்லாதவர்களும் கம்ப்யூட்டர் சென்டர்களில் விவசாயிகளாகப் பதிவானார்கள். 'கொரோனா நிவாரணம்' என்று சொல்லி ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக்கும் வாங்கியதால், பலருக்குத் தங்கள் கணக்கில் விழுந்த 2,000 ரூபாய் எந்தப் பணம் என்றே தெரியாது. தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய்க்கு மேல். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் நிறைய.

யாருக்கு நிலம் இருக்கிறது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் பட்டியலை இணையத்தோடு விடாமல் கிராம சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பேன். அப்போது பட்டியலில் இல்லாதவர்களும் கண்ணில் படுவார்கள். முக்கியமாக, குத்தகைக்கு உழுகிறவர்கள். பட்டா தன் பெயரில் இல்லாததால் அவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது.