மறுசீரமைப்பு நீதி என்றால் குற்றவாளியைச் சும்மா விட்டுவிடுவதா?

இல்லை. குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் நேரில் சந்தித்துப் பேசி, நடந்த கெடுதலுக்கு எப்படி ஈடு செய்வது என்று முடிவு செய்வதுதான் மறுசீரமைப்பு நீதி. தப்பு செய்தவனை உட்காரவைத்துப் பேசி அனுப்பினால் அது நீதியா என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது லேசான காரியம் இல்லை.

1974-இல் கனடாவின் எல்மிரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு, ஒரே இரவில் 22 இடங்களில் டயர்களைக் கிழித்தும் ஜன்னல்களை உடைத்தும் அட்டகாசம் செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களை இவர்கள் நேரில் சந்தித்தால் என்ன என்று நன்னடத்தை அலுவலர் கேட்க, நீதிபதி அப்படியே உத்தரவிட்டார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "நாங்கள்தான் செய்தோம்" என்று சொல்லி, எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார்கள். காப்பீட்டில் வராத நஷ்டத்தைப் பிறகு கட்டினார்கள்.

வழக்கமான விசாரணையில் பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான். "ஏன் என் வீடு? என்னை நோட்டம் விட்டாயா? மறுபடி வருவாயா?" இதெல்லாம் அவரைத் தூங்கவிடாத கேள்விகள். பதில் தெரிந்த ஒரே ஆளோ, வக்கீல் சொன்னபடி வாயைத் திறக்க மாட்டார். நார்வே குற்றவியலாளர் நீல்ஸ் கிறிஸ்டி 1977-இலேயே இதைக் கண்டித்தார்: மனிதர்களுக்கு இடையிலான பிரச்சினையை அரசும் வக்கீல்களும் அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றார்.

நியூசிலாந்து 1989-இல் இளையோர் வழக்குகளுக்கு இப்படி நேரில் சந்தித்துப் பேசும் முறையைச் சட்டமாகவே கொண்டுவந்தது. இரு தரப்பும், குற்றம் செய்தவரின் குடும்பமும் கூடி, அவர் என்ன ஈடு செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். சொன்னபடி செய்யாவிட்டால், அப்புறம் நீதிமன்றம் இருக்கிறது.

மறுபடி குற்றம் செய்வது இதனால் ஓரளவு குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அதைவிட முக்கியம், பாதிக்கப்பட்டவர்களின் பயமும் மன உளைச்சலும் தணிவது.

ஆனால் மன்னிக்கச் சொல்லி யாரையும் நெருக்கக் கூடாது. முக்கியமாகக் குடும்ப வன்முறையில், அடித்தவர் முன்னால் உட்காரவைப்பதே இன்னொரு மிரட்டலாகிவிடலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவரோடு இப்படி உட்காரவே கூடாது. அதற்கு நீதிமன்றம்தான் சரி.

உங்களையோ தெரிந்தவரையோ அப்படி ஒரு சந்திப்புக்கு அழைத்தால் முதலில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: குற்றம் செய்தவர் அதை ஒப்புக்கொண்டாரா, சந்திப்பை நடத்துபவர் இரு தரப்பையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசினாரா, நடுவில் எழுந்து போக உங்களுக்கு உரிமை உண்டா?