28 வயதில் கண்டக்டர் ஆக முடியுமா?

ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறேன், 28 வயது, இசைக்குழுவை வழிநடத்தும் கண்டக்டர் ஆவதற்குத் தாமதமாகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். (வீட்டில் சொன்னால் எந்த ரூட் பஸ் என்பார்கள், அது வேறு கதை.) வயது தடையே இல்லை. புகழ்பெற்ற ஆஸ்திரிய கண்டக்டர் ஹார்னன்கோர்ட் 1952 முதல் 1969 வரை வியன்னா சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்தார். விலகும்போது நாற்பதை நெருங்கியிருந்தார். ஆனால் 1953லேயே மனைவியோடு சொந்தமாக ஒரு குழு அமைத்துவிட்டார். கவனிக்க வேண்டியது அதைத்தான். வயலினைத் தனியறையில் பழகலாம், கண்டக்டர் வேலைக்கோ எதிரே வாசிக்க ஆட்கள் வேண்டும். நண்பர்கள் பத்துப் பேரைச் சேருங்கள். அப்புறம், முழு ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் சேர்த்து எழுதிய இசைக்குறிப்பு, படிக்கப் பழகுங்கள். பி பிளாட் கிளாரினெட்டுக்கு சி என்ற ஸ்வரம் எழுதியிருந்தால் காதில் விழுவது பி பிளாட் என்ற ஸ்வரம். வயலின்காரர்கள் முதலில் தடுமாறுவது அங்கேதான். ஸ்கோரை வாசித்துப் பார்க்கப் பியானோ உதவும், தெரியுமா உங்களுக்கு வாசிக்க? தெரியாவிட்டால் இன்றே தொடங்குங்கள்.