ஸ்காலர்ஷிப் என்று தேடாதீர்கள், தம்பி

கேள்வி: வணக்கம் அக்கா. ஊர் புதுக்கோட்டைப் பக்கம். சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.டெக். முடித்துவிட்டு, 4 வருஷமாகச் சிங்கப்பூர் ஜூரோங்கில் தண்ணீர் சுத்திகரிக்கும் கம்பெனி ஒன்றில் எஸ் பாஸில் (வேலை அனுமதிச் சீட்டு) இருக்கிறேன். வெளிநாட்டில் பிஎச்.டி. படிக்க ஆசை. 'வளரும் நாட்டு மாணவர்களுக்கு முழு உதவித்தொகை' என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பித்தேன். 11 இடம், ஒன்றும் அமையவில்லை. வேலையிலும் சலிப்பு. மழை மாதம் வந்தால் தண்ணீரை வடிகட்டும் மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. கழுவு, மறுபடி ஓட்டு என்கிறார்களே தவிர, ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. 900 வெள்ளி கொடுத்தால் ஸ்காலர்ஷிப்போடு சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா? மாதம் 800 வெள்ளி வீட்டுக்கு அனுப்ப வேண்டியவன் நான். வயது 29, லேட்டாகிவிட்டதா? பேராசிரியர்களுக்கு அனுப்பும் மெயிலையும் இணைத்திருக்கிறேன்.
– ஜூரோங் வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த 900 வெள்ளி. கொடுக்காதீர்கள். தேர்வுக் குழுவில் ஏஜென்டுக்கு நாற்காலி கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணம் வாங்கும். அதை அவர்கள் தளத்தில் நீங்களே கட்டிவிடலாம். நடுவில் ஒருவர் எதற்கு?

அடுத்தது, 'வளரும் நாடு' என்ற சொல். அதை நம்பித்தான் 11 விண்ணப்பமும் போயிருக்கிறது. அந்தப் பெயரில் வருவதெல்லாம் உங்களுக்கு ஆகாது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி, வளரும் நாட்டவருக்கென்று நடத்தும் எபோஸ் திட்டத்தில் பெரும்பாலும் முதுகலைப் படிப்புகள்தான். ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு உதவி, இந்தியாவில் ஏற்கெனவே பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள் அமெரிக்காவில் கொஞ்ச காலம் ஆய்வு செய்துவிட்டுத் திரும்ப. முழுப் படிப்புக்கு இல்லை. நீங்கள் இரண்டுக்கும் போட்டிருக்கிறீர்கள்!

பிஎச்.டி.க்கான பணம் பெரும்பாலும் நாட்டின் பெயரில் வருவதில்லை, ஆய்வின் பெயரில் வருகிறது. ஒரு பேராசிரியரிடம் ஒரு கேள்வியும் அதற்கு நிதியும் இருக்கும். வேலை பார்க்க ஆள் தேடிக்கொண்டிருப்பார். நெதர்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க் போன்ற இடங்களில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். அங்கே ஸ்காலர்ஷிப் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? வேலை விளம்பரம் போலத் தேட வேண்டும். யூராக்ஸஸ் என்ற ஐரோப்பியத் தளத்தில் இவை வரும். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் வலைப்பின்னல்களையும் அதிலேயே பாருங்கள். எந்த நாட்டவரும் போடலாம். போகும் நாட்டில், சேர்வதற்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்பது விதி. உங்கள் சிங்கப்பூர் வருஷங்கள் அதற்குக் குறுக்கே வராது.

அமெரிக்காவிலும் பெரும்பாலும் அட்மிஷனோடு சேர்ந்தே உதவியாளர் வேலையும் படியும் வரும். டிசம்பரை ஒட்டிப் பல இடங்களில் கடைசித் தேதி.

அப்புறம், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்களே! இந்தியக் குடிமகனான உங்களுக்குச் சிங்கப்பூரும் வெளிநாடுதான். சிங்கா என்ற விருது அறிவியல், பொறியியல் பிஎச்.டி.க்காக வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இருக்கிறது. ஏ-ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பு, என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதில் சேர்ந்தவை. 4 வருஷம் வரை கல்விக் கட்டணமும் மாதாந்திர உதவித்தொகையும் தருகிறார்கள். ஜனவரி, ஆகஸ்ட் என்று வருஷத்துக்கு இரண்டு சேர்க்கை. 2003 முதல் நியூவாட்டர், அதாவது சுத்திகரித்த கழிவுநீர், குடித்துக்கொண்டிருக்கும் ஊர் இது. மெம்பரேன் பற்றித் தெரிந்தவரை இங்கே தேடாமல் வேறெங்கே தேடுவார்கள்?

இனி உங்கள் மெயிலுக்கு வருவோம். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, 'உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் சேர ஆர்வமாக உள்ளேன், எந்தத் தலைப்பானாலும் சம்மதம்' என்று முடிகிறது. இதையே 40 பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். எந்தத் தலைப்பானாலும் சம்மதம் என்பவருக்கு எந்தத் தலைப்பிலும் பிடிப்பில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில், புலம்பலோடு புலம்பலாக, ஒரு தங்கக் காசைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்: மழை மாதத்தில் மெம்பரேன் ஏன் சீக்கிரம் அடைக்கிறது? அதுதான் தம்பி ஆய்வுக் கேள்வி.

மெயிலை அங்கிருந்து தொடங்குங்கள். 'நான் 4 வருஷமாகப் பார்க்கும் மெம்பரேனில், வெயில் மாதத்தில் இத்தனை நாளுக்கு ஒருமுறை சிஐபி கழுவல் (கழற்றாமல் இருந்த இடத்திலேயே கழுவுவது). நவம்பர் முதல் ஜனவரி வரை அது இத்தனை நாளாகச் சுருங்குகிறது. உள்ளே வரும் கலங்கலா, கரிமப் பொருளா, கிருமிப் படலமா என்று பிரித்துப் பார்க்க ஆசை. உங்கள் கட்டுரையில் கையாண்ட முறை இதற்குப் பொருந்துமா?' இவ்வளவுதான். பத்து வரிக்கு மேல் வேண்டாம். அந்தப் பேராசிரியரின் கட்டுரை இரண்டையாவது நிஜமாகவே படித்துவிட்டு அனுப்புங்கள். 40 பேர் வேண்டாம், 6 பேர் போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். ஒன்று மறக்காதீர்கள்: ஆலையின் எண்கள் கம்பெனியின் சொத்து. மேலதிகாரியிடம் கேட்காமல் வெளியே அனுப்பாதீர்கள்.

அதே மேலதிகாரியைப் பரிந்துரைக் கடிதத்துக்கும் கேளுங்கள். இன்னொன்று எம்.டெக். வழிகாட்டியிடம். 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பார், நம் ஊர் வழக்கம் அப்படி. எழுதிக் கொடுக்காதீர்கள், என்ன ஆய்வு செய்தீர்கள், எங்கே திணறினீர்கள், எப்படி மீண்டீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள், அவர் தம் வார்த்தையில் எழுதட்டும். பல பல்கலைக்கழகங்கள் கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பை நேராக அவருக்கே அனுப்பும். ஜிமெயில் வேண்டாம், அவருடைய கல்லூரி மெயில் முகவரியை வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டுக்கு (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) இப்போதே எழுதிப் போடுங்கள். என் தங்கை மகளுக்கு அவள் படித்த கல்லூரி அதைக் கொடுக்க ஏழு வாரம் இழுத்தது. அதற்குள் கடைசித் தேதி ஒன்று கைநழுவியே போனது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு அப்படியில்லை, அவசரப்பட்டு எழுதினால் 2 வருஷத்தில் காலாவதியாகிவிடும்.

அந்த 800 வெள்ளி விஷயத்தில் உங்களுக்குப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை. உதவித்தொகை ஒருவர் தங்கிச் சாப்பிட்டுப் படிப்பதற்கான பணம். அதிலிருந்து மாதாமாதம் அவ்வளவு அனுப்ப முடியாது. சம்பளமாகத் தரும் ஐரோப்பிய இடங்களில் கொஞ்சம் மிஞ்சலாம், குளிர்கால வாடகையைப் பார்த்த பிறகு சொல்லுங்கள். வீட்டில் இப்போதே பேசுங்கள். முடிந்தால் ஒரு வருஷத்துப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கையில் ஆஃபர் லெட்டர் வந்து, புது பாஸுக்கும் வழி தெரியும்வரை வேலையை விடாதீர்கள்.

வயதுக்கு வருகிறேன். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஆய்வு உதவித்தொகைக்கே 35க்குக் கீழே இருந்தால் போதும். அதில் தூதரக வழியாகப் போடுவதாக இருந்தால் ஒரு சங்கதி: எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாட்டிலுள்ள ஜப்பானியத் தூதரகம் வழியாகத்தான் போட வேண்டும். இங்கே நாசிம் ரோட்டில் இருக்கும் தூதரகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நிற்காதீர்கள்.