லண்டன் எல்எல்எம்முக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள்

அம்மா, சட்டப் படிப்பு நான்காம் வருடத்தில் மகள் "செத்துப்போன வெள்ளைக்கார வக்கீலைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் புரிகிறது. ஆனால் நான் மறுப்பது உங்கள் தம்பி சொல்லும் லண்டன் எல்எல்எம் என்ற சட்ட முதுகலைப் படிப்பைத்தான். கட்டணமும் சாப்பாடும் வாடகையும் சேர்ந்தால் 35 லட்சத்தைத் தாண்டும். அந்தப் பட்டத்தோடு மட்டும் அங்கே சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி வழக்கைத் தயாரிக்கும் வக்கீல்) ஆக முடியாது. அதற்கான எஸ்க்யூஇ தகுதித் தேர்வு தனி, இரண்டு வருட வேலை அனுபவம் தனி. இதற்காக வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகக் கூடாது.

அவள் பிடித்திருக்கும் ஜான் செல்டன் லேசுப்பட்ட ஆளல்ல. 1584இல் சசெக்ஸ் கிராமமொன்றில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்காமலே லண்டன் வந்து, இன்னர் டெம்பிள் என்ற வக்கீல் சங்கத்தில் 1612இல் வக்கீலானார். கோர்ட்டில் நின்றதைவிடப் பழைய ஏடுகளில் கிடந்ததே அதிகம். அரசர் கேட்ட கட்டாயக் கடனைத் தர மறுத்துச் சிறைப்பட்ட ஐந்து பிரபுக்களின் வழக்கில் (ஐந்து நைட்டுகள் வழக்கு) தீர்ப்பை வேறு மாதிரி பதிவேட்டில் ஏற்ற அரசர் தரப்பு பார்த்தது என்று 1628இல் பார்லிமென்டில் போட்டு உடைத்தவர் அவர்தான். அடுத்த வருடமே சிறை.

அந்த ஏடு வாசிக்கும் வித்தையை மகள் கற்கட்டும். பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம் 1500 முதல் 1800 வரையிலான கையெழுத்துக்கு இணையத்தில் இலவசப் பாடம் வைத்திருக்கிறது, லத்தீனுக்கும் உண்டு. தினம் அரை மணி நேரம் போதும். 'செகரட்டரி' என்ற அக்கால எழுத்து பாணியில் ஆங்கில 'சி' இன்றைய 'ஆர்' மாதிரி தெரியும், 'இ' பின்புறம் திரும்பி நிற்கும், 'பி'யின் காலில் குறுக்குக் கோடிருந்தால் 'பெர்' அல்லது 'பார்'. எழுத்தெழுத்தாகப் பெயர்த்தெழுத வேண்டும். வார்த்தையை ஊகித்துக்கொண்டு ஓடுவதும், ஸ்பெல்லிங்கைத் திருத்துவதும்தான் எல்லோரும் சறுக்கும் இடம். தேதியிலும் கண்ணி இருக்கிறது: அன்று இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. செல்டன் கைதான 1629 மார்ச், அக்கால ஏட்டில் 1628 என்றிருக்கும். கவனிக்காவிட்டால், 1628 ஜூனில் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிப் பார்லிமென்ட் கொண்டுவந்த உரிமை மனுவுக்கு முன்பே அவர் சிறைக்குப் போனதாகிவிடும்!

பழகிய கையோடு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1670 முதலான புனித ஜார்ஜ் கோட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏடுகள் அங்கே இருக்கின்றன. எழுத்து செல்டன் காலத்தைவிட எளிது. சட்டமும் தெரிந்து இதையும் வாசிக்கிறவர்கள் குறைவு. சட்ட வரலாற்று ஆய்வுக்கு உதவித்தொகை கேட்கும்போது, அவளே பெயர்த்தெழுதிய இருபது பக்கம் மதிப்பெண் பட்டியலைவிட நன்றாகப் பேசும்.

வருமானம் மெதுவாகத்தான் வரும், அதை மறைக்க மாட்டேன். அதனால் பட்டம் முடிந்ததும் பார் கவுன்சில் பதிவையும் ஏஐபிஇ என்ற அகில இந்திய வக்கீல் தேர்வையும் தள்ளிப்போட விடாதீர்கள். ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் கல்லூரியில் ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளட்டும்.