லினக்ஸ் கெர்னல் சுவிட்ச் சிப்பை எப்படி இயக்குகிறது? சுவிட்ச்டெவ் என்றால் என்ன?

பல கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்குள் தரவை ஒரு போர்ட்டிலிருந்து இன்னொரு போர்ட்டுக்குத் தள்ள ஒரு தனி சிப் இருக்கிறது. லினக்ஸில் போட்ட அமைப்புகளை அந்தச் சிப்புக்குப் புரியும்படி கொண்டுசேர்க்கும், லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள பகுதிதான் சுவிட்ச்டெவ். 2015-இல் வெளியான 3.19 கெர்னலில் வந்தது.

ஏன் தேவைப்பட்டது? முன்பெல்லாம் பல சிப்களுக்கு அந்தந்தக் கம்பெனியின் தனி மென்பொருளைத்தான் நம்ப வேண்டும். இப்போது ஒவ்வொரு போர்ட்டும் சாதாரண நெட்வொர்க் கார்டு போலவே தெரியும். போர்ட்டுகளை இணைக்கும் வழக்கமான பிரிட்ஜ் கட்டளையில் ஒரு விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) சேர்த்தால், சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை அப்படியே சிப்பின் அட்டவணையில் எழுதிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விடியற்காலை படகு கரை சேரும்போது பாருங்கள். நண்டுப் பெட்டி எந்த வண்டிக்கு, கணவாய் எந்த வண்டிக்கு என்று கணக்குப்பிள்ளை ஒருமுறை சொல்லிவிடுவார். அப்புறம் சுமை தூக்குபவர்கள் பெட்டிக்குப் பெட்டி அவரிடம் போய் நிற்பதில்லை. அடையாளம் தெரியாத பெட்டி வந்தால் மட்டும் கேட்பார்கள். கெர்னல் கணக்குப்பிள்ளை, சிப் சுமை தூக்குபவர். ஒவ்வொரு பெட்டிக்கும் அவரைக் கேட்டால் ஐஸ் உருகிவிடும், மீன் கெட்டுவிடும்.

சரி, பலர் தடுமாறும் இடம் ஒன்று: போர்ட்டில் விளக்கு விடாமல் மின்னும், ஆனால் நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளை (பாக்கெட்) காட்டும் டிசிபிடம்ப் கருவியில் அந்தப் பாக்கெட்டுகள் தெரியாது. அது பழுது அல்ல. சிப்பே நேராக அனுப்பும் பாக்கெட்டுகள் சிபியு பக்கம் வருவதேயில்லை.