ஓயில் குடிக்கிற டொல்பின் வான்: ரிங் மட்டும் மாத்தினாக் காணுமா?

தம்பி, டொல்பின் வான் (டொயோட்டா ஹயஸ்), 3எல் எண்ட ரக டீசல் எஞ்சின், நாலு லட்சம் கிலோமீற்றர் தாண்டிட்டுது, மாங்குளம் - முல்லைத்தீவு ரோட்டில ஓடேக்க ஓயில் எரியுற நீலப் புகை, கராஜ்காரர் பிஸ்டன் ரிங் மட்டும் மாத்துவம் எண்டுறார் எண்டு கேட்டிருந்தீங்கள்.

முதல் புகை எப்ப வருது எண்டு பாருங்கோ. விடிய ஸ்டார்ட் பண்ணேக்க ஒருக்கா அடிச்சிட்டு நிண்டா அநேகமா வால்வ் சீல்தான் (வால்வ் வழியா ஓயில் இறங்காமத் தடுக்கிற ரப்பர்), எஞ்சின்ர மேல் பாகம் ஹெட்டோட முடியுற வேலை. லோட்டோட இழுக்கேக்க விடாமல் அடிச்சா ரிங், இல்லாட்டி போர், அதாவது பிஸ்டன் ஓடுற சிலிண்டர் குழி. ஐட்லிங்கில ஓயில் மூடியைக் கழட்டிப் பாருங்கோ, லேசாப் புகை தட்டுறது பழைய டீசலுக்கு வழமை, புஸ் புஸ் எண்டு தள்ளினா கம்ப்ரெஷன் காத்து ரிங்கைத் தாண்டிக் கீழ கசியுது. நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் அளக்கிற கேஜ் போடச் சொல்லுங்கோ, டீசல் கேஜ், பெற்றோல் கேஜ் தாங்காது.

ரிங் மட்டும் எண்ட கதையை நான் நம்பமாட்டன். போர் தேஞ்சு நீள்வட்டமாக் கிடந்தா புது ரிங் ஒட்டாது, கொஞ்ச நாளில திரும்ப அதே புகைதான். லேத் பட்டறையில போரை அளந்து போட்டுத்தான் ரிங்கா, போரைக் கடைஞ்சு பெருப்பிச்சு ஓவர்சைஸ் பிஸ்டனா எண்டு முடிவெடுக்கோணும்.

இன்னொண்டு, எயார் பில்டருக்குப் பிறகு எஞ்சினுக்குப் போற குழாயுக்குள்ள விரலை விட்டுப் பாருங்கோ. சிவப்புப் புழுதி ஒட்டினா எங்கட கிரவல் ரோட்டு மண்தான் ரிங்கைத் திண்டிருக்கு, அந்த ஓட்டையை அடைக்காமல் எஞ்சின் செய்யிறது காசுக்குக் கேடு.

சேசிஸ் கறள் பிடிச்சு உக்கியிருந்தா எஞ்சினில கைவைக்காதேங்கோ. ஜப்பான் எஞ்சின் மாத்திறதெண்டா புது எஞ்சின் நம்பரை வாகனப் பதிவுப் புத்தகத்தில பதியோணும், விக்கேக்க அதைத்தான் முதல் பாப்பினம்.