ரீடிங் தேர்வில் தப்பான விடைகளை என்ன செய்வது? – கேள்வி பதில்

பத்தியைப் படித்து விடை எழுதும் தேர்வுகளுக்குத் தயாராகும் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

மஞ்சக்குப்பம், ஐஇஎல்டிஎஸ் (வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வு) எழுதும் நர்ஸ்: தினமும் ஒரு டெஸ்ட் போடுறேன் சார். ரெண்டு மாசமா 40-க்கு 25-லயே நிக்குது.

தினமும் போடுவதை நிறுத்துங்கள்மா, வாரத்துக்கு இரண்டு போதும். 60 நிமிட டெஸ்ட்டுக்கு, தப்பைப் பார்க்க 90 நிமிடமாவது ஒதுக்குங்கள். வீட்டில் யாரையாவது திருத்தச் சொல்லுங்கள். தப்பான எண்ணுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி மட்டும் போடட்டும், சரியான விடையைச் சொல்ல வேண்டாம். விடை தெரிந்துவிட்டால் ‘அட, எனக்கும் இதுதான் தோணிச்சு’ என்று மனசு சமாதானம் ஆகிவிடும், படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

மறுநாள் கடிகாரம் வைக்காமல் அந்த 15 கேள்வியை மட்டும் திரும்பப் போடுங்கள். இப்போது சரியாக வந்தால், முதல் நாள் கெடுத்தது அவசரம். அதே தப்பு விடையே மறுபடி வந்தால், வாக்கியம் புரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

லாஸ்பேட்டை: தப்புக்குன்னு தனி நோட்டு போட்டிருக்கேன். அதுல என்ன எழுதணும்?

எந்த வரியை நம்பி விடை போட்டீர்கள், சரியான விடைக்கு ஆதாரம் எந்த வரி, நடுவில் நீங்கள் தவறவிட்ட சொல் எது. இந்த மூன்றும் போதும். ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. ‘சம் (some, சில) என்று இருந்ததை ஆல் (all, எல்லாம்) என்று எடுத்துக்கொண்டேன்’ என்று எழுதினால் அடுத்த முறை கண் அங்கே நிற்கும்.

பண்ருட்டி: ஃபால்ஸா, நாட் கிவனா? எப்பவும் இதுலதான் சார் மார்க் போகுது.

கேள்வியில் வரும் கூற்றைப் பத்தி மறுத்தால் ஃபால்ஸ், அதைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் நாட் கிவன். பத்தியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ‘தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பலா, முந்திரி மரங்கள் சாய்ந்தன.’

‘புயல் கரையைக் கடக்கும் முன்பே கலைந்தது’ என்றால் ஃபால்ஸ், பத்தியே அதை மறுக்கிறது. ‘பலாவைவிட முந்திரிதான் அதிகம் சாய்ந்தது’ என்றால் நாட் கிவன். இரண்டு மரமும் பத்தியில் இருக்கின்றன, ஒப்பீடு இல்லை. பண்ருட்டிக்காரருக்கு இதில் ஊர் நிலவரம் தெரியும், அதை வைத்து விடை போடத் தோன்றும். அங்கேதான் மார்க் போகிறது. ஃபால்ஸ் போடும் முன் மறுக்கும் சொல்லின் மேல் விரல் வையுங்கள். விரல் வைக்க இடம் இல்லையென்றால் அது நாட் கிவன்.

நெய்வேலி, வங்கித் தேர்வு: தப்பானதை மட்டும் பார்த்தா போதுமா?

போதாது தம்பி. குருட்டாம்போக்கில் சரியானதையும் பாருங்கள். சந்தேகத்தோடு போட்ட விடைக்கு அப்போதே ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மார்க் கேள்வியில் தப்புக்குக் கால் மார்க் கழியும். புள்ளி வைத்த 20-இல் 4 சரி, 16 தப்பு என்றால் கூட்டிக் கழித்துப் பூஜ்யம். 8 சரி, 12 தப்பு என்றால் 5 மார்க் லாபம். உங்கள் புள்ளிக் கணக்கைப் பார்த்துத்தான், சந்தேகக் கேள்வியைத் தொடலாமா விடலாமா என்று முடிவு செய்ய வேண்டும். ஐஇஎல்டிஎஸ்ஸில் கழிவு கிடையாது, அங்கே எதையும் காலியாக விடக் கூடாது.

முத்தியால்பேட்டை, டெல்ஃப் பி2 (பிரெஞ்சு மொழித் தேர்வு): பிரெஞ்சு வார்த்தை பாதி தெரியலை. எல்லாத்துக்கும் அகராதி பார்க்கவா?

வேண்டாம். ஆதார வரியில் இருந்த சொற்களுக்கு மட்டும் பாருங்கள். ‘பூர்தான்’ (ஆனாலும்), ‘தூத்ஃபுவா’ (இருப்பினும்) போன்ற திருப்பச் சொற்களை விடவே விடாதீர்கள். முன்னால் சொன்னதற்கு எதிர்த்திசையில் பேச்சு திரும்புவது அங்கேதான், தப்பு விடையும் பெரும்பாலும் அந்தத் திருப்பத்துக்கு முந்திய வரியிலிருந்து எடுத்ததாக இருக்கும். வாசிப்புப் பகுதியில் 25-க்கு 5-க்குக் கீழே போனால், மொத்தம் 50-ஐத் தாண்டினாலும் தேற முடியாது.

திருப்பாதிரிப்புலியூர்: பழைய டெஸ்ட்டையே திரும்பப் போடலாமா?

போடலாம், மூன்று வாரம் கழித்து, பெருக்கல் குறி விழுந்தவற்றை மட்டும். விடை ஞாபகம் வந்தாலும் ஆதார வரியை அடிக்கோடிட்ட பிறகே விடையை எழுதுங்கள்.